துணை தேடும்போது நாம் கேட்கும் கேள்விகளும் கேட்காத கேள்விகளும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் சிட்னியின் மேற்குப் பகுதியிலிருந்து பேசுகிறேன். இது தருக் மக்களின் நிலம். அவர்களுடைய மூத்தோருக்கு முதலில் என் மரியாதை. இங்கே இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருந்து இணைந்திருப்பவர்களுக்குப் பின்னேரம். டொரொண்டோவில் விடிகாலை. நித்திரையை விட்டு எழும்பி வந்தவர்களுக்குத் தனியாக நன்றி.

ஒரு துணையிடம் மனிதர்கள் எதைத் தேடுகிறார்கள், உளவியல் என்ன சொல்கிறது, நமது இலக்கியம் என்ன சொல்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் உளவியலாளர் இல்லை. தமிழ்ப் பண்டிதரும் இல்லை. வாசகி, அவ்வளவுதான். இருந்தும் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், பல வருடங்களுக்கு முன் நான் எடுத்த ஒரு தொலைபேசி அழைப்பு. அதை எப்படியாவது ஒருநாள் பொதுவில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சம்பந்தப்பட்டவளிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன்.

என் பெறாமகள், அக்காவின் மகள், இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு பையனை விரும்பினாள். தமிழ்ப் பையன். பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் சொன்னாள். அக்கா கோபப்படவில்லை. நாங்கள் முற்போக்கான குடும்பம் என்றுதான் எங்களை நினைத்துக்கொண்டிருந்தோம். அக்கா எனக்கு எடுத்து, "ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு" என்றா. நான் டொரொண்டோவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவருக்கு எடுத்தேன். பையனின் தகப்பன் பெயரைச் சொன்னேன். "ஊரில எவ்விடம்?" என்று கேட்டார். சொன்னேன். சற்று மௌனமாக இருந்துவிட்டு, "ஆக்கள் வேறை" என்றார். எல்லாம் சேர்த்து நாலு நிமிசம் இருக்கும். நான் அக்காவுக்கு எடுத்து, "சரிவராது அக்கா" என்றேன்.

"சரிவராது" என்பது எங்கள் பக்கத்தில் மிகவும் பயனுள்ள சொல். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்பவரும் காரணம் கேட்க மாட்டார். சாதி என்ற சொல் எங்கள் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. அதனால் எங்களுக்குச் சாதி பார்ப்பதில்லை என்ற நம்பிக்கையும் குலையவில்லை.

அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். இப்போது தொல்காப்பியத்துக்குப் போவோம்.

பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி. அதில் தலைவனும் தலைவியும் எவ்வெவற்றில் ஒத்திருக்க வேண்டும் என்று பத்துப் பொருத்தங்கள் சொல்லப்படுகின்றன. சோதிடர் பார்க்கும் பத்துப் பொருத்தம் வேறு. இதில் நட்சத்திரமும் இல்லை, இராசியும் இல்லை. பத்தையும் நான் என் வசதிக்கு மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். வெளியே இருந்து பார்த்தாலே தெரிபவை: வயது, உருவம், செல்வம். விசாரித்தால் தெரிபவை: பிறப்பு, குடிமை. குடிமை என்றால் குடும்பத்தின் மரபும் அதற்கேற்ற ஒழுக்கமும். பழகினால் மட்டுமே தெரிபவை: ஆண்மை, அதாவது ஆள்வினை, முயற்சி என்று பொருள் கொள்ளலாம், அடுத்து காமம், நிறை, அருள், உணர்வு. நிறை என்பது மனதை ஒரு நிலையில் நிறுத்துவது. அருள் என்பது பிற உயிர்மேல் இரக்கம். உணர்வு என்பது அறிவு, புரிந்துகொள்ளும் தன்மை.

இன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்காக நாங்கள் தயாரிக்கும் குறிப்பை எடுத்துப் பாருங்கள். வயது, உயரம், படிப்பு, வேலை, சொந்த ஊர், தகப்பனின் ஊர், தாயின் ஊர், சகோதரங்கள் எங்கே கட்டியிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் இன்னொன்று கூடுகிறது: பி.ஆர். இருக்கிறதா, குடியுரிமை எடுத்தாயிற்றா. செல்வம் என்ற பொருத்தத்தின் புது வடிவம் அது. தொல்காப்பியர் சொன்ன பத்தில் வெளியே தெரிபவையும் விசாரித்தால் தெரிபவையும் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. பழகினால் தெரிபவைக்குக் குறிப்பில் ஒரு வரிதான்: "நற்குணமுள்ள". எல்லாக் குறிப்பிலும் அந்தச் சொல் இருப்பதால் யாரும் அதை வாசிப்பதில்லை.

களவியலில் இன்னொரு சிறிய செய்தி இருக்கிறது. இருவரும் ஒத்தவர்களாக இருக்க வேண்டும், ஆனால் ஆண் ஒருபடி மேலாக இருந்தால் குற்றமில்லை என்கிறது அது. பெண் மேலாக இருந்தால்? அதற்குச் சலுகை இல்லை. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வைத்தியராகவும் சட்டத்தரணியாகவும் இருக்கும் மகளுக்கு அவளைவிட ஒருபடி மேலான மாப்பிள்ளையைத் தேடிக் களைத்துப்போகும் தாய்மார் இந்தச் சந்திப்பிலேயே இருப்பீர்கள். அந்தத் தேடலுக்கு வயது இரண்டாயிரம்.

இது நமது பழக்கம் மட்டும்தானா, மனித இயல்பா என்ற கேள்விக்கு உளவியலாளர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள். 1989இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். 33 நாடுகள், 37 குழுக்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் அதில் உண்டு. ஏறத்தாழ எல்லா இடங்களிலும் பெண்கள் ஆணின் பொருளாதார நிலையை, ஆண்கள் பெண்ணிடம் பார்ப்பதைவிடக் கூடுதலாகப் பார்க்கிறார்கள். ஆண்கள் தோற்றத்தையும் இளமையையும் கூடுதலாகப் பார்க்கிறார்கள். பரிணாமம் நமக்குள் எழுதிவைத்தது இது என்றார் பஸ்.

பத்து வருடம் கழித்து, 1999இல், அலிஸ் ஈக்லி, வெண்டி வூட் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்து மறுபடி பார்த்தார்கள். எந்த நாடுகளில் பெண்களுக்குச் சம வாய்ப்பு கூடுதலாக இருக்கிறதோ, அந்த நாடுகளில் இந்த வேறுபாடு குறைகிறது என்று காட்டினார்கள். சொந்தமாக உழைக்க வழியில்லாத இடத்தில் பெண் ஆணின் உழைப்பைப் பார்க்கிறாள். இதில் பரிணாமத்துக்கு எவ்வளவு பங்கு, சமூகத்துக்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் வாதம் நடக்கிறது. நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பஸ்ஸின் ஆய்வில் செய்தியானது ஆணும் பெண்ணும் வேறுபடும் இடங்கள்தான். இருவரும் ஒன்றுபடும் இடத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. இரு பாலாரும் வரிசையின் மேலே வைத்தவை: ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பு, நம்பத்தக்க குணம், மன நிதானம், இனிய சுபாவம். செல்வமும் அழகும் அதற்குக் கீழேதான். அப்படியென்றால் எல்லோரும் அருளையும் நிறையையும்தான் தேடுகிறோம் என்று சொல்கிறோம். தேடும்போது மட்டும் வேறொன்றைச் செய்கிறோம்.

அந்த வேறொன்று எவ்வளவு வலியது என்பதற்குக் கல்கத்தா ஆய்வு ஒரு சாட்சி. பின்னர் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் இருவரோடு சேர்ந்து, ஆனந்த பஜார் பத்திரிகாவின் மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களை ஆராய்ந்தார்கள். 2013இல் வெளிவந்தது. நகரத்து நடுத்தர வர்க்கம், படித்தவர்கள். ஒரு மாப்பிள்ளை பள்ளிக்கூடமே போகாதவருக்கும் முதுகலைப் பட்டம் பெற்றவருக்கும் இடையில் எவ்வளவு தூரம்? தம் சாதிக்கு வெளியே போகாமல் இருப்பதற்காக, பெண்வீட்டார் அவ்வளவு தூரத்தையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. நான் டொரொண்டோவுக்கு எடுத்த அழைப்பை யாரோ கணக்குப் போட்டுக் காட்டியதுபோல இருந்தது எனக்கு.

நம் நாவல்களில் இந்த வாசலில் நிறுத்தப்பட்டவளாக எனக்கு முதலில் ஞாபகம் வருபவள் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' யமுனா. நாம் அந்த நாவலைப் பாபுவின் மோகமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். யமுனாவின் பக்கம் நின்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அழகு இருக்கிறது, அறிவு இருக்கிறது, நிறை இருக்கிறது. தகப்பன் பிராமணர், தாய் மராத்தியர். பிறப்பு என்ற ஒரு பொருத்தத்தில் அவள் எந்தப் பட்டியலிலும் விழவில்லை. வரன்கள் வருகின்றன, போகின்றன. அவளைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாபு அவளைவிட ஏறத்தாழப் பத்து வயது இளையவன், அதாவது வயதுப் பொருத்தமும் இல்லை. ஆனால் அவளை ஆளாகப் பார்த்தவன் அவன்.

இன்னொரு பக்கம் குறுந்தொகையின் நாற்பதாவது பாட்டு. எழுதியவர் பெயர் தெரியாமல், பாட்டின் உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். அந்தத் தலைவன் பேசுவது தாய்வழி, தந்தைவழி, முன் அறிமுகம் பற்றி. நாங்கள் தொலைபேசியில் விசாரிப்பவையும் அவைதான். அவன் அவற்றைத் தொட்டுக் காட்டுவது, அவை ஒன்றும் இல்லாமலே இது நடந்துவிட்டதே என்று வியப்பதற்கு. அந்தப் பாட்டை எத்தனை கலியாண வீட்டு மேடைகளில் சொல்லக் கேட்டிருப்போம். மேடையில் அதைச் சொல்கிறவரும் கீழே இருந்து கைதட்டுகிறவரும் முதல்நாள் விசாரித்துவிட்டு வந்தவர்கள்தான். நானும் கைதட்டியிருக்கிறேன்.

சரி, பெற்றோர் தேடினால்தான் இந்தப் பிழை, பிள்ளைகள் தாங்களே தேடினால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். அதுவும் அவ்வளவு எளிதல்ல. 2008இல் போல் ஈஸ்ட்விக், எலை ஃபிங்கல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து, சில நிமிடங்களே பேசிப் பழகும் சந்திப்புகளை ஒழுங்குசெய்தார்கள். முதலிலேயே ஒவ்வொருவரிடமும் உனக்கு எப்படிப்பட்டவர் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு நேரில் யார்மேல் ஈர்ப்பு வந்தது என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. பணம் முக்கியம் என்று எழுதியவர் பணக்காரரை விரும்பவில்லை. அழகு முக்கியம் என்று எழுதியவருக்கு அழகானவர்மேல் தனியாக ஈர்ப்பு வரவில்லை. இன்று கைபேசிச் செயலிகளில் உயரம், வேலை, மதம் என்று வடிகட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் ஒரு குறிப்புத்தான் எழுதுகிறார்கள். தாங்களே எழுதுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

காதல் கலியாணமா, பேசிச் செய்த கலியாணமா என்ற பட்டிமன்றமும் நம்மை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. 1982இல் ஜெய்ப்பூரில் ஐம்பது இணைகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், பேசிச் செய்த கலியாணங்களில் காலம் போகப் போக அன்பு கூடுவதாகக் கண்டார்கள். நம்மவர்கள் அதை மகிழ்ச்சியாக மேற்கோள் காட்டுவோம். 2012இல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் பார்த்தபோது இரண்டு வகைக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அப்போது எதுதான் கணக்கில் வருகிறது? 2020இல் கனடாவின் சமந்தா ஜோயலும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 43 ஆய்வுகளின் தரவுகளை, 11,196 இணைகளின் தரவுகளை, ஒன்றாக்கிக் கணினியிடம் கொடுத்தார்கள். ஒரு உறவில் நிறைவு இருக்குமா என்பதை எது முன்கூட்டிச் சொல்கிறது என்று கேட்டார்கள். துணைவர் எப்படிப்பட்டவர் என்ற விவரங்கள் மேலே வரவில்லை. மேலே வந்தவை இருவருக்கும் இடையில் நடப்பவை: துணைவர் இந்த உறவில் உறுதியாக நிற்கிறார் என்ற உணர்வு, ஒருவரை ஒருவர் மதிப்பது, தாம்பத்திய நிறைவு, சண்டையின் அளவு. சியாட்டிலில் தம்பதிகள் சண்டை பிடிப்பதைப் பல வருடங்கள் பதிவுசெய்து ஆராய்ந்த ஜோன் கொட்மனும், உறவை அரிப்பவற்றில் மிகக் கொடியது இகழ்ச்சி என்றார். மற்றவரைவிடத் தான் மேல் என்ற பார்வை.

இங்கேதான் நான் மறுபடி தொல்காப்பியத்துக்கு வருகிறேன். பத்துப் பொருத்தங்களைச் சொன்ன சூத்திரத்துக்கு அடுத்த சூத்திரத்தைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. அதுவும் ஒரு பட்டியல். தலைவனிடமும் தலைவியிடமும் எவையெல்லாம் இருக்கக்கூடாது என்ற பட்டியல். பொறுக்க மாட்டாத மனம். கொடுமை. தன்னைத் தானே வியந்துகொள்வது. முதுகுக்குப் பின்னால் பேசுவது. சுடு சொல். மற்றவரைக் கவனியாமல் விடுவது. சோம்பல். பேதைமை. மறதி. கடைசியாக ஒப்புமை: தன் துணையை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இந்தப் பட்டியலிலும் குடிமை என்ற சொல் இருக்கிறது. முதல் பட்டியலில் வேண்டும் என்று சொன்ன அதே சொல், இரண்டாவதில் கூடாது என்ற இடத்தில். அடுத்த சொல்லோடு சேர்த்துக் குடிமை இன்புறல் என்று உரையில் பொருள் சொல்கிறார்கள். தன் குலத்தையும் குடிப்பிறப்பையும் நினைத்து, அதனால் தன்னை மதித்து மகிழ்வது. குடும்ப மரபு ஒத்திருக்கலாம். அதை வைத்துப் பெருமைப்படுவது காதலுக்கு ஆகாது. நான் இதை முதன்முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். டொரொண்டோவுக்கு எடுத்த அந்த நாலு நிமிசத்தில் நான் செய்தது முதல் பட்டியலில் உள்ள குடிமையா, இரண்டாவதில் உள்ள குடிமையா என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது பட்டியலில் உள்ள எதையும் குறிப்பில் எழுத முடியாது. யாரும் "சுடு சொல் உள்ளவர்" என்று எழுத மாட்டார்கள். ஆனால் இந்த நாட்டின் நீதிமன்றங்களுக்கும் காப்பகங்களுக்கும் வந்துசேரும் கலியாணங்கள் இந்தப் பட்டியலில்தான் உடைந்தவை. விக்டோரியாவில் 2019 முதல் சீதனத்தை வைத்துத் துன்புறுத்துவது குடும்ப வன்முறைக்கான உதாரணங்களில் ஒன்றாகச் சட்டத்திலேயே இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் 2024 யூலை முதல், துணையைத் தொடர்ச்சியாகக் கட்டுப்படுத்தி அடக்கிவைப்பது தனிக் குற்றம். தொலைபேசியைப் பறிப்பது, காசை மறைப்பது, விசாவைக் காட்டி மிரட்டுவது எல்லாம் இதற்குள் வரலாம். இவற்றைச் செய்பவர்களில் பலர் முதல் பட்டியலில் முழுப் புள்ளி வாங்கியவர்களாக இருப்பார்கள்.

இரண்டாவது பட்டியலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 2017இல் இந்த நாட்டு மக்களில் வாக்களித்தவர்கள் 61.6 வீதம் ஒருபாலினத் திருமணத்துக்கு ஆம் என்றார்கள். அவ்வருட முடிவில் சட்டமும் வந்தது. தன் பிள்ளை அப்படி ஒரு துணையை அழைத்து வரும்போது எந்த அளவுகோலும் கையில் இல்லாமல் திகைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, இரண்டாவது பட்டியல் அப்படியே பொருந்தும் என்பதுதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விசாரிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1983க்குப் பிறகு நாங்கள் உலகமெங்கும் சிதறினோம். பக்கத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. கடல் கடந்து ஒரு பெண்ணை அனுப்பும் தாய்க்கு, அங்கே இருப்பவர் ஏற்கனவே கலியாணம் செய்தவரா, கை நீட்டுபவரா என்று அறியும் உரிமை இருக்கிறது. எங்கள் விசாரிப்பு அதற்குத்தான் தொடங்கியது. ஆனால் அதை நாங்கள் ஊர்ப் பெயரோடு முடித்துக்கொண்டோம். கேட்க எளிது, பதில் உடனே கிடைக்கும்.

என் பெறாமகள் அந்தப் பையனை விட்டுவிட்டாள். சண்டை பிடிக்கவில்லை. சில வருடங்கள் கழித்து நாங்கள் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டினாள். இந்த இடத்தில் அந்தக் கலியாணம் பிழைத்துப்போனது என்று சொன்னால் என் உரைக்கு வசதியாக இருக்கும். அப்படி ஆகவில்லை. நன்றாக இருக்கிறார்கள். அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் நல்லவராக அமைந்ததில் எனக்குப் பங்கில்லை. நான் அவரைப் பற்றியும் ஊரைத்தான் விசாரித்தேன். மற்றதெல்லாம் அவளுடைய அதிர்ஷ்டம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் சமைத்துக்கொண்டு நிற்கும்போது அவளே அந்தக் கதையை எடுத்தாள். "சித்தி, நீங்கள் அவரைப் பற்றி ஒண்டும் கேக்கேல்ல. அவற்றை அப்பாவின்ரை ஊரைத்தான் கேட்டனீங்கள். கேட்டுப்போட்டு வேண்டாம் எண்டு சொல்லியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கவலை இல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அந்தப் பையனை நான் ஒரே ஒரு தடவை கண்டிருக்கிறேன். வென்ட்வேர்த்வில் கடைத்தெருவில், ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னை யாரென்று தெரிந்து தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். அவர் சிரிப்பாரா, கோபக்காரரா, எதைப் படிப்பார், யாரைக் கண்டால் எப்படிப் பேசுவார், எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய தகப்பனின் ஊரும் ஒழுங்கையும் மட்டும் நன்றாகத் தெரியும்.

இப்போதும் எனக்கு அழைப்புகள் வரும். "ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்று. நான் மறுப்பதில்லை. ஆனால் கேள்வியை மாற்றிவிட்டேன். ஊரைக் கேட்பதில்லை. கூட வேலை செய்தவர் யாரையாவது தேடிப் பிடிக்கிறேன். கோபம் வந்தால் என்ன செய்வார்? தன்னைவிடக் கீழே வேலை செய்பவரோடு எப்படிப் பேசுவார்? பிழை விட்டால் ஒத்துக்கொள்வாரா? தாயையோ தங்கையையோ மற்றவர்கள் முன்னால் மட்டந்தட்டுவாரா? பதில் கிடைக்க நாலு நிமிசம் போதாது. சிலவேளை நாலு வாரமும் போதாது. அழைத்தவர்களில் சிலர் பொறுமை இழந்து, "அது கிடக்கட்டும், ஆக்கள் ஆர்?" என்று கேட்பார்கள். அதை விசாரிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. நீங்கள் செயலியில் எழுதும் பட்டியலைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே முழுதாகத் தெரியாது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. எது இருக்கக்கூடாது என்ற பட்டியலை மட்டும் தளர்த்த வேண்டாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முரண்படுபவர்கள் முதலில் கேட்டால் நல்லது.